அம்பாசடர் இன்ஜின்: கட்டுவதா, மாற்றுவதா?

பழைய அம்பாசடர் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கி, மூன்றாவது மாதம் பட்டறைக்கு ஓட்டிப் போனால், பானெட்டைத் திறந்த இரண்டாவது நிமிடமே தீர்ப்பு வந்துவிடும்: "இன்ஜின் போச்சு சார், இறக்கிட்டு இசுசு இன்ஜின் வெச்சிரலாம்." எனக்கும் அப்படித்தான் வந்தது. 1986 மாடல் மார்க் 4, பெட்ரோல் வண்டி. மேட்டில் இழுக்கவில்லை, கரும்புகை, பெட்ரோலைத் தண்ணீர் மாதிரி குடித்தது. கையில் பணம் இல்லாததால் ஒரு மாதம் தள்ளிப்போட்டேன், அதுதான் என்னைக் காப்பாற்றியது. அந்த ஒரு மாதத்தில் வேறொருவர் பார்த்துச் சொன்னார், 2-ஆவது 3-ஆவது சிலிண்டருக்கு நடுவே ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர்களை மூடும் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) எரிந்திருக்கிறது, கார்புரேட்டர் ஜெட் தேய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த இன்ஜின் அதற்குப் பிறகு ஆறு வருடம் ஓடியது. அப்புறம் உண்மையாகவே தேய்ந்துபோனது, அப்போது கட்டினேன் (பிரித்து, தேய்ந்ததைச் சரிசெய்து மறுபடி பூட்டுவதைத்தான் கட்டுவது என்கிறோம்), அதிலும் ஒரு தடவை சொதப்பல். இந்த இரண்டு அனுபவத்தையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பேசுவது 1,489 சி.சி. பெட்ரோல் இன்ஜின் பற்றி. பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனத்தின் பி-சீரீஸ் இன்ஜின் அது. அம்பாசடருக்குள் 1959-ல் வந்து உட்கார்ந்தது, அதற்கு முன் இருந்தது பழைய சைடு வால்வு இன்ஜின். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலும் எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரிலும் இருந்ததும் இதே குடும்பம்தான். உங்களிடம் இருப்பது பத்மினி, ஹெரால்டு மாதிரி வேறு பழைய கார் என்றாலும் கீழே சொல்லும் வரிசை மாறாது, அளவுகள்தான் மாறும்.

முதல் படி: இன்ஜின் நிஜமாகவே போய்விட்டதா?

புகையின் நிறத்தைப் பாருங்கள். கரும்புகை என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது, கார்புரேட்டரையும் ஏர் ஃபில்டரையும் பாருங்கள், இன்ஜினைத் திட்டாதீர்கள். வண்டி நன்றாகச் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால், ஹெட் கேஸ்கெட்டோ ஹெட்டில் விரிசலோ இருக்கலாம். நீலப் புகைதான் எண்ணெய் எரிகிற புகை. அதிலும் வித்தியாசம் உண்டு. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஒரு பொதி நீலப் புகை வந்து நின்றுவிடுகிறது, அல்லது இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டுத் திரும்ப மிதிக்கும்போது மட்டும் வருகிறது என்றால் வால்வு கைடு தேய்ந்திருக்கிறது, ஹெட்டை இறக்கினாலே போதும். லோடில் இழுக்க இழுக்கப் புகை வந்துகொண்டே இருந்தால் பிஸ்டன் ரிங்கும் போரும் (பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உட்சுவர்) தேய்ந்திருக்கின்றன. அப்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள், குக்கர் விசில் மாதிரி உள்ளிருந்து புஸ் புஸ்ஸென்று காற்று தள்ளும். பட்டறையில் அதைத்தான் 'பேக் கம்ப்ரஷன்' என்பார்கள்.

அடுத்தது கம்ப்ரஷன் டெஸ்ட். இதைச் செய்யாமல் யார் என்ன சொன்னாலும் நம்பாதீர்கள். மீட்டர் பெரிய விலை இல்லை, ஒன்று வாங்கியே வைத்துக்கொள்ளலாம். இன்ஜினை ஓட்டிச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, காயில் ஒயரை எடுத்துவிட்டு, ஒருவர் ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரை ஏழெட்டுச் சுற்று சுற்றவேண்டும். ஆக்சிலரேட்டர் முழுக்கத் திறந்திருக்கவேண்டும், இதை மறந்துவிட்டு "கம்ப்ரஷனே இல்லை" என்று பயந்தவர்கள் நிறையப் பேர், நானும் ஒருவன். பழைய பெட்ரோலின் தரத்துக்கு ஏற்றபடி குறைந்த கம்ப்ரஷனில் செய்த இன்ஜின் இது, அதனால் புதுக் கார்களின் எண்ணை எதிர்பார்க்காதீர்கள். நான்கும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம். நான்கும் 110, 115 பி.எஸ்.ஐ. (அழுத்த அளவு) என்று இருந்தால் எனக்குக் கவலையே இல்லை. மூன்று 120-ல் நின்று ஒன்று மட்டும் 70-ல் நின்றால், அந்த ஒன்றில்தான் கதை இருக்கிறது.

குறைவான சிலிண்டரில் பிளக் ஓட்டை வழியாக ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டுத் திரும்ப அளந்து பாருங்கள். முள் சட்டென்று ஏறினால் ரிங் அல்லது போர் தேய்மானம், எண்ணெய் இடைவெளியை அடைத்துக்கொண்டது என்று பொருள். ஏறவே இல்லை என்றால் வால்வு. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து விழுந்திருந்தால் நடுவே கேஸ்கெட் போயிருக்கிறது. என் வண்டியில் இதுதான். பத்து நிமிட வேலை, முதல் பட்டறையில் யாரும் செய்யவில்லை.

ஆயில் பிரஷரும் பாருங்கள். டேஷ்போர்டு மீட்டரை நம்பாமல் ஒரு நல்ல மீட்டரை நேராக மாட்டுங்கள். சூடான பிறகு ஓட்டத்தில் 50 பி.எஸ்.ஐ. பக்கத்திலும் ஐடிலில் 15-க்குக் குறையாமலும் இருந்தால் கீழே பேரிங்குகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. சத்தத்தையும் கவனியுங்கள். மேலே டிக் டிக் என்றால் டேப்பெட் (வால்வைத் தள்ளும் பாகம்), 15 தௌ இடைவெளி வைத்தால் அடங்கிவிடும் (தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, லேத் பட்டறை முழுக்க இந்தக் கணக்குதான்). குளிரில் தட்டி, சூடானதும் மறைகிற சத்தம் பிஸ்டன் ஆடுகிறது, அவசரம் இல்லை. ரேஸ் பண்ணிவிட்டு விடும்போது அடியிலிருந்து டக் டக்கென்று கனமாக வந்தால் அது பிக் எண்டு (கனெக்டிங் ராடு கிராங்க் தண்டைப் பிடிக்கும் இடத்துப் பேரிங்), அன்றைக்கே ஓட்டுவதை நிறுத்துங்கள். அதற்குமேல் ஓட்டினால், கட்டக்கூடிய இன்ஜினைப் பழைய இரும்புக் கடைக்கு நீங்களே ஓட்டிப் போகிறீர்கள்.

இவ்வளவும் பார்த்து, குறை ஹெட்டோடு நின்றுவிட்டால், ஹெட்டை மட்டும் இறக்கி வால்வு, கைடு, கேஸ்கெட் வேலை செய்து மூடுங்கள். கட்டுவதா மாற்றுவதா என்ற கேள்வியே உங்களுக்கு இல்லை. ஒரே ஒரு எச்சரிக்கை, போர் ஏற்கெனவே தேய்ந்திருக்கும்போது ஹெட்டை மட்டும் புதிதாக்கினால், மேலே அடைப்பு இறுகியதும் கீழே ரிங் வழியாகத் தள்ளல் கூடி, எண்ணெய் முன்னைவிட அதிகமாகக் குடிக்கும்.

இரண்டாம் படி: பிரித்து, அளந்து, எழுதி வாங்குங்கள்

கீழ் வேலைதான் என்று தெரிந்துவிட்டதா, சரி, இன்ஜினை இறக்குங்கள். ஆனால் இறக்குவதற்கு முன்பே "ரீபோர்" (போரைக் கடைந்து பெரிதாக்குவது) என்றோ "மாத்திடுங்க" என்றோ ஒப்புக்கொள்ளாதீர்கள். பிரிப்பதற்கு ஒரு கூலி, அளந்த பிறகு மேற்கொண்டு பேச்சு, இப்படி வெட்டிப் பேசிக்கொள்ளுங்கள்.

பிஸ்டன் தலையை முதலில் துடைத்துப் பாருங்கள். கரியைச் சுரண்டினால் எண் தெரியும். எதுவும் இல்லை என்றால் ஸ்டாண்டர்ட் சைஸ், 020 அல்லது 030 என்று இருந்தால் அதற்கு முன்பே ரீபோர் ஆகியிருக்கிறது. இந்த இன்ஜினின் போர் பிறவி அளவு 73.025 மி.மீ. வழக்கமாக 10, 20, 30, 40 தௌ வரை பெரிதாக்குவார்கள். 40-ல் இருக்கிற பிளாக் தேய்ந்துவிட்டால் அடுத்து ஸ்லீவ் (சிலிண்டருக்குள் புது உருளை) போட்டு ஸ்டாண்டர்டுக்குத் திரும்பவேண்டியதுதான். ஸ்லீவ் தவறான வேலை இல்லை, நல்ல லேத்காரர் போட்டால் இன்னொரு ஆயுள் கிடைக்கும்.

போர் அளப்பது டயல் கேஜ் வைத்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில், ஒவ்வோர் இடத்திலும் குறுக்கே நெடுக்கே இரண்டு முறை. விரலை விட்டுத் தடவி "விளிம்பு நிக்குது" என்று சொல்வது அளவு ஆகாது, அது ஒரு சந்தேகம் மட்டும்தான். கிராங்க்கில் மெயின், பிக் எண்டு ஜர்னல் (பேரிங்குக்குள் சுழலும் இடங்கள்) எல்லாம் மைக்ரோமீட்டரில். இந்த 1,489 இன்ஜினுக்கு மெயின் பேரிங் மூன்றே மூன்று, கிராங்க் தன் பாரத்தை அந்த மூன்றின் மேல்தான் போட்டு ஓடுகிறது, ஆகவே கிராங்க்கில் கஞ்சத்தனம் வேண்டாம். கிரைண்டிங் செய்யும் முன் கிராக் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள், கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ள கிராங்க்கைச் சாணை பிடித்து மாட்டுவதைவிட வீண் செலவு கிடையாது.

பிளாக்கில் பார்க்கவேண்டியது விரிசலும் துருவும். நம் ஊர் போர்வெல் தண்ணீரை வருடக்கணக்கில் ரேடியேட்டரில் ஊற்றியிருப்பார்கள், தண்ணீர் ஓடும் அறைகளின் பின்பக்கம், நான்காவது சிலிண்டரைச் சுற்றி, செம்மண் குழம்பு மாதிரி இறுகிக் கிடக்கும். பல "சூடேறுது" வண்டிகளுக்கு அதுதான் காரணம். பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள கோர் பிளக் மூடிகளைத் தட்டி எடுத்து உள்ளே குத்திக் கழுவினால் பாதி நோய் போய்விடும்.

இப்போது உங்கள் கையில் ஒரு தாள் இருக்கும்: போர் எவ்வளவு, கிராங்க் எவ்வளவு, பிளாக் நல்லதா, ஹெட் நல்லதா. பிளாக் நன்றாக இருந்து, கிராங்க்குக்கும் சாணை பிடிக்க இன்னும் ஒரு சைஸ் பாக்கி இருந்தால் கட்டலாம். கனெக்டிங் ராடு பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தாலோ, பிளாக்கின் நடு வெப்பில் (உள் சுவர்) விரிசல் விட்டிருந்தாலோ மாற்றத்தான் வேண்டும். நடுவில் இருப்பவர்கள் அடுத்த படிக்கு வாருங்கள்.

மூன்றாம் படி: எதை வைத்து மாற்றுவது, சட்டம் என்ன சொல்கிறது

'மாற்றுவது' என்று ஒரே சொல்லில் சொல்கிறோம், உள்ளே மூன்று வேறு வேலைகள் இருக்கின்றன.

ஒன்று, அதே 1,489 பெட்ரோல் இன்ஜினை உடைத்த வண்டியிலிருந்து எடுத்துவந்து வைப்பது. சென்னையில் புதுப்பேட்டை, கோயம்புத்தூரில் உக்கடம் போன்ற இடங்களில் தேடுவார்கள். மவுண்டிங், கியர்பாக்ஸ், ஒயரிங் எல்லாம் அப்படியே உட்காரும். ஆனால் யோசித்துப் பாருங்கள், அதுவும் உங்கள் இன்ஜின் வயதுதான். ஓடுகிற நிலையில், கம்ப்ரஷன் பார்த்து வாங்காவிட்டால் ஒரு நோயாளியைக் கொடுத்து இன்னொரு நோயாளியை வாங்கி வருகிறீர்கள். பிளாக் உடைந்தவர்களுக்கு இது நல்ல வழி, ஏனென்றால் நல்ல பிளாக்கை அதிலிருந்து எடுத்து, உங்கள் கிராங்க், ஹெட் எல்லாம் சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம்.

இரண்டு, இசுசு 1.8 பெட்ரோல். 1990-களின் தொடக்கத்தில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாசடரிலேயே வைத்துக் கொடுத்த 1,817 சி.சி. இன்ஜின், அதற்கு முன்பே அதே கம்பெனியின் கான்டெஸா காரில் வந்தது. ஓட்டினால் வேறு வண்டி மாதிரி இருக்கும், பொய் சொல்லவில்லை. கம்பெனியே வைத்ததுதானே, நாமும் வைத்தால் என்ன என்று தோன்றும். அங்கேதான் கணக்கு ஏமாற்றும். இன்ஜின் விலையை மட்டும் பேசுவார்கள். அதோடு தரையில் லீவர் உள்ள ஐந்து கியர் பாக்ஸ் வேண்டும், ஸ்டீயரிங் தண்டில் உள்ள உங்கள் கியர் லீவர் வேலைக்கு ஆகாது, தரையை வெட்டவேண்டும், மவுண்டிங் மாறும், புரொப்பெல்லர் ஷாஃப்ட் நீளம் மாறும், ரேடியேட்டர், சைலன்சர் பைப், கிளட்ச் இணைப்பு, ஒயரிங் எல்லாம் வரிசையில் நிற்கும். அப்புறம் பிரேக். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள வண்டியை வேகமாக ஓட வைத்துவிட்டு எப்படி நிறுத்துவீர்கள் என்று பட்டறையில் யாரும் கேட்கமாட்டார்கள், நீங்கள்தான் கேட்கவேண்டும்.

மூன்று, வேறு கம்பெனி இன்ஜின். டீசல் மலிவாக இருந்த நாளில் டாக்சிக்காரர்கள் மாட்டடார் வேனின் டீசல் இன்ஜினை அம்பாசடருக்குள் ஏற்றினார்கள், அன்றைய பிழைப்புக்கு அது நியாயம். முன்னால் கனம் கூடி டார்ஷன் பார் (முன் சக்கரங்களுக்கு ஸ்பிரிங்காக இருக்கும் கம்பி) தொங்கி, ஸ்டீயரிங் கல் மாதிரி ஆனதையும் அவர்களிடமே கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை கார் ஓட்டுபவருக்கு இதில் ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

சட்டத்துக்கு வருவோம், பலர் தாண்டிப்போவது இதைத்தான். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆவது பிரிவுப்படி, தயாரித்த கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து ஆர்.சி. விவரம் மாறிப்போகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லியிருக்கிறது. அதே தயாரிப்பு, அதே வகை இன்ஜின் என்றால் ஆர்.டி.ஓ. ஆபீசில் அனுமதி வாங்கி, புது இன்ஜின் எண்ணை ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ள வழி உண்டு. 1,489 என்று எழுதிய ஆர்.சி.யை வைத்துக்கொண்டு உள்ளே 1,817 இருந்தால் "அதே வகை" என்று வாதாட இடமில்லை. சொந்தக் காருக்கு 15 வருடம் முடிந்து, பிறகு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கப் போகும்போது பிரேக் இன்ஸ்பெக்டர் இன்ஜின் எண்ணைப் பார்ப்பார். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் பார்க்கும். பழைய இன்ஜின் வாங்கினால் இன்ஜின் எண் எழுதிய பில், அது எந்த வண்டியிலிருந்து வந்ததோ அதன் ஆர்.சி. நகல் இரண்டும் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். திருட்டு வண்டி இன்ஜினாக இருந்துவிட்டால் போலீஸ் ஸ்டேஷனுக்கு அலைவது நீங்கள்.

இன்னொன்று, 2021-ல் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. 50 வருடம் கடந்த, சேசிஸ், பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கு 'வி.ஏ.' எழுத்துள்ள தனி நம்பர் கிடைக்கும். புதுப் பதிவுக்கு ரூ. 20,000 கட்டணம். அன்றாடம் ஓட்ட முடியாது, கண்காட்சி, ராலி மாதிரி விஷயங்களுக்குத்தான். மார்க் 4 வந்தது 1979-ல், முதல் வண்டிகளுக்கு 2029-ல் 50 வயது ஆகிறது. மார்க் 2 வைத்திருப்பவர் இன்றே தகுதிக்கு உள்ளே இருக்கலாம். இன்ஜினை மாற்றினால் அந்தக் கதவை நீங்களே சாத்திக்கொள்கிறீர்கள்.

நான்காம் படி: வண்டி எதற்கு?

வருடத்துக்கு இரண்டாயிரம் மூவாயிரம் கிலோமீட்டர், ஊர்த் திருவிழா, கல்யாணம், ஞாயிறு காலை டிஃபன் என்று ஓடுகிற வண்டிக்கு, நன்றாகக் கட்டிய 1,489 இன்ஜின் உங்கள் பிள்ளை காலம் வரை போதும். 60, 70-ல் அது சந்தோஷமாக ஓடும். நான்குவழிச் சாலையில் தினமும் 100-ல் போகவேண்டும் என்றால், கோபப்படாதீர்கள், உங்களுக்குத் தேவை வேறு கார். விற்கும்போதும் யோசியுங்கள், சொந்த இன்ஜின் எண் அப்படியே இருக்கிற அம்பாசடரைத் தேடுகிறவர்கள் உண்டு, தரை வெட்டிய வண்டியை விலை குறைத்துத்தான் கேட்பார்கள்.

ஆகவே என் பக்கம் எது என்று தெரிந்திருக்கும். பிளாக் உயிரோடு இருந்தால் கட்டுங்கள். உடைந்திருந்தால் அதே வகை இன்ஜினைத் தேடி எடுத்து, அதையும் பிரித்து அளந்து கட்டுங்கள், பழைய பிளாக்கை எண்ணோடு வீட்டில் கிரீஸ் தடவி வைத்திருங்கள்.

ஐந்தாம் படி: கட்டுவது என்று முடிவானால்

முதலில் பிஸ்டன், பேரிங் கையில் வரட்டும், அதன் பிறகு போரிங். "20 போட்டுடுவோம்" என்று போரைக் கடைந்துவிட்டு, 20 சைஸ் பிஸ்டன் கிடைக்காமல் மாதக்கணக்கில் காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து, அதற்கு ஏற்றபடிதான் அந்தந்தச் சிலிண்டரைக் கடையவேண்டும்.

இந்தியாவில் 2000-ல் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுபோனது. பழைய ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வு சீட் அந்த ஈயத்தின் தயவில்தான் தேயாமல் இருந்தது, எனவே ஹெட் திறந்திருக்கும்போதே கடினமான சீட் வளையம் போடச் சொல்லுங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பர் ஹோசும் பம்ப் டயஃப்ரமும் அதில் ஊறிக் கெட்டுப்போகும், அவற்றையும் எத்தனால் தாங்குகிற வகையாகப் பார்த்து மாற்றுங்கள்.

என் சொதப்பல் இங்கேதான். லேத்திலிருந்து வந்த பிளாக்கை மேலோட்டமாக டீசலில் கழுவிவிட்டு மாட்டிவிட்டார்கள், நானும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எண்ணெய் ஓடும் துளைகளுக்குள் இருந்த இரும்புத் தூள் 300 கிலோமீட்டரில் புது பேரிங்கை எல்லாம் கீறிவிட்டது, மறுபடியும் இறக்கம், மறுபடியும் கிரைண்டிங். அதனால் சொல்கிறேன், எண்ணெய்த் துளைகளின் அடைப்பான்களைக் கழற்றி, பிரஷ் விட்டு, சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, காற்றடித்து, வெள்ளைத் துணியை எண்ணெயில் நனைத்து போருக்குள் துடையுங்கள். துணி வெள்ளையாகவே வெளியே வரும்வரை மாட்ட விடாதீர்கள். மேஸ்திரி முகம் சுளிப்பார், டீ வாங்கிக் கொடுத்துச் சமாளியுங்கள்.

ஸ்டார்ட் செய்யும் முன் பிளக்கைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் ஏறும்வரை ஸ்டார்ட்டரில் சுற்றுங்கள். கேம் ஷாஃப்ட் புதிது என்றால் முதல் 20 நிமிடம் ஐடிலில் விடாமல் நிமிடத்துக்கு 2,000 சுற்றுப் பக்கத்தில் வைத்திருங்கள். எண்ணெய் 20 டபிள்யூ 50, அதிலும் துத்தநாகம் உள்ள பழைய வகை இன்ஜின் எண்ணெய், இன்றைய கார்களுக்கான மெல்லிய எண்ணெய் இந்த டேப்பெட்டுகளுக்கு ஆகாது. 500 கிலோமீட்டரில் எண்ணெயை மாற்றி, ஹெட் நட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்துக் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கி, டேப்பெட்டைத் திரும்பப் பாருங்கள். முதல் 800 கிலோமீட்டர் வரை வேகம் 60-ஐத் தாண்டாமல், ஆனால் ஒரே வேகத்திலும் இழுக்காமல், கொஞ்சம் ஏற்றி இறக்கி ஓட்டினால் ரிங் உட்காரும். டாப் கியரில் 25-ல் முனகவிட்டு ஓட்டுவது பதமாக ஓட்டுவது இல்லை, அது கொடுமை.

இவ்வளவும் முடிந்து ஷெட்டில் நிறுத்தினால், மறுநாள் காலை கியர்பாக்ஸ் சேருமிடத்துக்குக் கீழே ஓரிரு சொட்டு எண்ணெய் கிடக்கும். பதறி மேஸ்திரிக்கு ஃபோன் போடாதீர்கள். கிராங்க்கின் பின்பக்கம் இந்த இன்ஜினுக்கு ரப்பர் சீல் கிடையாது, எண்ணெயைத் திருப்பி உள்ளே தள்ளுகிற மரை ஒன்றுதான் உண்டு, அது ஓடும்போதுதான் வேலை செய்யும், நின்றால் சொட்டும். அடியில் ஒரு அட்டைப்பெட்டித் துண்டைப் போட்டு வையுங்கள். அந்த எண்ணெய் பட்டு கிளட்ச் நழுவ ஆரம்பித்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.